ஏழாம் நம்பர் படகு

சுகிர்தம் டீச்சர் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவர் என்பது ஏற்காட்டில் அவருடைய சபையார் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போய்விடக் கூடாது என்பதில் டீச்சருக்கும் அக்கறை இருந்தது. 'அதிகாலை தாகம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. பாஸ்டர் எட்வின் சேலத்திலிருந்து மாற்றலாகி மலையேறிய கையோடு விசுவாசிகளை ஆண்டவரின் சீடர்களாக்கும் சீஷத்துவப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்து, அதில் சேர்ந்தவர்களையெல்லாம் அந்தக் குழுவில் போட்டு, டீச்சரை அதற்குத் தலைவியாக்கியிருந்தார். ஆண்டவர் மேல் தாகம் வளர வேண்டும், அதுதான் குழுவின் நோக்கம். வளர்க்கிற பொறுப்பு டீச்சருடையது. மற்றவர்களுடைய தாகத்தை வளர்க்கிற பொறுப்பு என்று சொல்ல வேண்டும். டீச்சருடைய தாகம் எப்படி இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. போர்டிங் ஸ்கூலில் காலமெல்லாம் வார்டனாக இருந்து பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து கிளப்பியவரிடம் போய், நீங்கள் எழுந்துவிட்டீர்களா என்று யார் கேட்பார்கள்?

தினமும் ஐந்து மணிக்கு டீச்சரின் குரல் குழுவில் வந்து விழும். கணீரென்ற குரல். "பரலோகத் தகப்பனே, இந்த இருள் பிரியாத வேளையிலே, பனி மூடிய இந்த மலையிலே, உம்முடைய பாதத்தில் காத்திருக்கிறோமே" என்று ஆரம்பித்தால், கேட்கிறவர்களுக்குக் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். போர்த்திக்கொள்ளவும் செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு விரலை வெளியே நீட்டி 'ஆமென்' என்று தட்டிவிடுவார்கள். பக்தி அதிகமானவர்கள் கூடவே கை கூப்பிய பொம்மையும் போடுவார்கள்.

அந்த இருள் பிரியாத வேளை உண்மையில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, காப்பியையும் குடித்துவிட்டு, ஏரியைப் பார்த்த ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வாரத்துக்கு வேண்டிய ஜெபத்தையெல்லாம் டீச்சர் போனில் பதிந்து வைத்துவிடுவார். இட்லி மாவை மொத்தமாக ஆட்டி ஃபிரிட்ஜில் வைக்கிற மாதிரிதான். திங்களுக்கு தேசம், செவ்வாய்க்குப் பிள்ளைகளின் படிப்பு, புதனுக்கு வியாதியஸ்தர்கள். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களின் கூச்சல் காதைக் கிழிக்கும். அங்கேயே குடியிருப்பவருக்கு அதெல்லாம் பழகிப்போய்க் கேட்பதே இல்லை. விடிகாலையில் அலாரம் அடித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அன்றைக்கு உரிய ஜெபத்தைத் தேடி அனுப்பிவிட்டு, அந்தக் கண்ணையும் மூடிக்கொள்வார்.

பக்கத்து வீட்டு ரஹமத் பீவிதான் ஒரு தடவை வாயைக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு அருகில் மிளகும் ஏலக்காயும் விற்கிற கடைக்காரர். விடியுமுன் தொழுகிற சுபுஹு தொழுகைக்கு நிஜமாகவே எழுகிறவர்.

"ஏனுங்க டீச்சர், நீங்க காலங்காத்தால எந்திரிச்சு துவா பண்றீங்கன்னு ஊரே சொல்லுது. நானும் பாக்கறேன், உங்க ஊட்டுல வெளக்கே எரியறதில்லீங்களே?"

"ஆண்டவருகிட்ட பேசறதுக்கு வெளக்கு எதுக்குங்க பீவி?" என்றார் டீச்சர்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு அதையே ஜெபத்திலும் சேர்த்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிஜமாகவே எழுந்து, நிஜமாகவே முழங்காலில் நின்ற நாட்கள் உண்டு. ஒரு மார்கழியில் முழங்கால் வலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு வந்தார். கட்டிலில் தூக்கம் வந்தது. ஒரு நாள் முந்தின சாயங்காலமே பதிந்து வைத்துப் பார்த்தார். அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கம், சரியான இடத்தில் குரல் தழுதழுக்கவும் செய்தது. எதுவுமே குறையவில்லை. குறையவில்லை என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஆண்டவர் மேல் இருந்த ஆசை எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் தேடிப் பார்த்தபோது அது இல்லை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தால் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் பாஸ்டர் எட்வின் பயிற்சியில் அந்தப் புதிய பாடத்தை நடத்தினார். விசுவாசி கேட்கக் கூடாதாம். கேட்டது கிடைத்துவிட்டதாகவே எண்ணி நன்றி சொல்ல வேண்டுமாம். டீச்சருக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. வார்டன் வேலையில் அவரும் யாரிடமும் எதையும் கேட்டவர் இல்லை.

பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் பெரியநாயகம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஈரலில் வந்த வியாதி, டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி மரகதம் பயிற்சி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவள். வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. அந்த ஞாயிறு பிற்பகல், புதன்கிழமைக்கான ஜெபத்தில் டீச்சர் புதுப் பாடத்தை முழு வேகத்தில் அமல்படுத்தினார்.

"இதோ தகப்பனே, இந்த ராத்திரி முழுவதும் எங்களில் ஒருவருக்கும் ஒரு சேதமும் வராமல் காத்தீரே! எங்கள் பெரியநாயகம் அண்ணனை எழுப்பி உட்கார வைத்தீரே! இந்த விடியற்காலையில் அவர் தன் கையாலேயே காப்பி டம்ளரை எடுத்துக் குடிக்கிறாரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

காப்பி டம்ளர் அவரே எதிர்பார்க்காமல் வந்தது. நன்றாக அமைந்துவிட்டதென்று அவருக்குத் திருப்தி.

புதன்கிழமை அலாரம் அடித்தது. ஒரு கண்ணால் தேடினார், அனுப்பினார், தூங்கினார். ஏழு மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து போனைத் திறந்தபோதுதான், தன் ஜெபத்துக்கு நேர் மேலே ஒரு செய்தி இருப்பதைப் பார்த்தார். மரகதம் அனுப்பியிருந்தாள். விடியுமுன்னே அனுப்பியிருந்தாள். 'வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஜெபித்துக்கொள்ளுங்கள்.'

அதற்குக் கீழே, காப்பி டம்ளரோடு டீச்சரின் குரல். அதற்குக் கீழே வரிசையாக ஆமென்கள். பாஸ்டரும் 'மகிமை!' என்று போட்டிருந்தார். அரை மணி கழித்து, ஆழ்ந்த இரங்கலும் போட்டிருந்தார்.

டீச்சர் முதல் காரியமாக ஜெபத்தை எல்லாருக்கும் அழியும்படி அழித்தார். அப்புறம் உட்கார்ந்து அழுதார். செத்தவருக்காகவா தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. மரகதம் அதைக் கேட்டிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. புருஷன் உடம்பு சூடு ஆறுமுன்னே எந்தப் பெண்சாதி போனில் ஜெபம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஷேர் ஜீப்பில் எட்டுப் பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு போகும்போதே சமாதானங்களைத் தயாரித்தார். நெட்வொர்க் கோளாறு, பழைய ஜெபம் தானாகக் குழுவுக்குப் போய்விட்டது என்றால்? மலையில் எல்லாக் குற்றத்தையும் டவர் மேல் போட்டுவிடலாம். இல்லை, பரலோகத்தில் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பதைத் தரிசனத்தில் கண்டதாகச் சொன்னால்? அப்படியென்றால் காப்பி டம்ளரை என்ன செய்வது? மஞ்சக்குட்டை வரும்வரை டம்ளருக்கு ஒரு வழி பிறக்கவில்லை.

சாவு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் சபையார் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார். 'அதிகாலை தாகம்' அங்கத்தினர் ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரமுங்க டீச்சர். இன்னிக்குக் காலையில ஜெபம் நொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சுங்க."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. இரண்டாவது ஆள் வந்தார். அவருக்கும் ஆசீர்வாதமாக இருந்ததாம். மூன்றாவதாக வந்த அம்மாளுக்கு அந்த ஜெபத்தில் கண்ணீரே வந்துவிட்டதாம். பெட்டிக்குள் படுத்திருந்த பெரியநாயகத்தை நாலு அடி தூரத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார்கள். அப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது. ஒருத்தரும் கேட்கவில்லை. இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே கேட்டதில்லை. அவர் ஜெபிக்காத ஜெபத்துக்கு அவர்கள் கேட்காமலே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியிலேயே கசந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மரகதம் அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்காரும்படி கையைக் காட்டினாள். அழுது ஓய்ந்த முகம். டீச்சர் உட்கார்ந்தார்.

"காலையில அனுப்புனீங்களே, கேட்டேனுங்க டீச்சர்."

"மரகதம், அது வந்து கண்ணு... டவரு..."

"ஞாயித்துக்கெழம பேசி வெச்சதுதானுங்களே?"

டவர் டீச்சரின் வாயிலேயே நின்றுவிட்டது.

"உங்க ஜெபத்துக்குப் பொறத்தால ஞாயித்துக்கெழமக் கூட்டமும் படகுத்துறை மைக்கும் கேக்குமுங்க. தெனமும் கேக்கும். 'ஏழாம் நம்பர் படகு, நேரமாயிருச்சு, கரைக்கு வாங்க'ன்னு கூப்புடுவாங்க. காலங்காத்தால அஞ்சு மணிக்கு எவன்டி ஏரியில படகு உடறான்னு இவரு சிரிப்பாருங்க." மரகதம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வலியில ராத்திரி பூராத் தூக்கமிருக்காதுங்க. எப்ப விடியும்னு கெடப்பாரு. அஞ்சு மணி ஆனதும், 'டீச்சர் படகு வந்துருச்சா, பாரு'ம்பாரு. போனக் காதுகிட்ட வெப்பேன். ஒரு நாளுக்கு அந்த ஒரு சிரிப்புத்தானுங்க."

"எத்தன நாளா..." என்று ஆரம்பித்த டீச்சர் முடிக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மரகதம்."

"சொன்னா நிறுத்திருவீங்கன்னுட்டாருங்க." மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னிக்கும் பழக்க தோசத்துல அவரு காதுகிட்டத்தான் வெச்சேன்."

டீச்சருக்குச் செத்துப் போய்விடலாம் போலிருந்தது. வைதிருந்தால் தாங்கியிருப்பார். வைகிறவர்களைச் சமாளித்து அவருக்குப் பழக்கம் உண்டு.

"ஒரு ஜெபம் பண்ணோணுங்க டீச்சர்," என்றாள் மரகதம். "இங்க உக்காந்து, இப்ப பண்ணுங்க."

டீச்சர் ஜெபிக்கப் போகிறார் என்றதும் கூட்டம் தயாரானது. நாற்காலிகள் ஓசைப்பட்டு அடங்கின. கண்கள் மூடின. நீளமாகப் போகும் என்று தெரிந்தவர்கள் சாய்ந்துகொண்டார்கள்.

"பரலோகத் தகப்பனே," என்றார் டீச்சர். அடுத்து இருள் பிரியாத வேளை வந்து நின்றது. வெளியே பளீரென்று வெயில். அதைத் தள்ளினால் பின்னால் பனி மூடிய மலை நின்றது. அதையும் தள்ளினார். அதற்கப்புறம் உள்ளே ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்தபடி இருந்தார். மரகதத்தின் கை அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு வரல மரகதம்," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எனக்கு ஆண்டவரு மேல ஆசையே போயிருச்சு. நொம்ப நாளாச்சு. போன எடமும் தெரியல."

மரகதம் கையை விடவில்லை.

இப்படி ஒரு இடைவெளி கிடைத்தால் பாஸ்டர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எட்வின் அதை ஒரே பாய்ச்சலில் பிடித்து, தானே தொடங்கி, உலகத் தோற்றத்திலிருந்து மஞ்சக்குட்டை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். கூட்டம் முழங்கையால் இடித்துக்கொண்டது. "டீச்சருக்குப் பாரம் தாங்காம வார்த்தையே வரலீங்க, பாத்தீங்களா?" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். அடக்கம் முடிவதற்குள் டீச்சரின் மதிப்பு சபையில் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

வியாழக்கிழமை அலாரம் அடித்தது. வியாழனுக்கான ஜெபம் போனில் தயாராக இருந்தது. 'குடும்ப சமாதானம்.' மிக நன்றாக வந்திருந்த ஒன்று. டீச்சரின் விரல் அதன்மேல் போய் நின்றது. நேற்றைக்கு அவ்வளவு அவமானப்பட்ட பிறகும் விரல் அங்கேதான் போனது, பழக்கம் அப்படி. அவர் அனுப்பினால் ஆமென்கள் வரும். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி இன்றைக்கு, பக்கத்துப் படுக்கை காலியாக இருக்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்று நினைத்ததும் டீச்சர் விரலை எடுத்தார்.

எழுந்து விளக்கைப் போட்டார். குளிர் பிடுங்கியது. முழங்கால் வலிக்க வலிக்கக் கீழே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் ரஹமத் பீவி தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவ்வளவு நாளும் இந்தச் சத்தம் இருந்திருக்கிறது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. போனில் பதிகிற பொத்தானை அமுக்கினார்.

"ஆண்டவரே," என்றார். குரல் கணீரென்று வரவில்லை. "நான் சுகிர்தம்." வெகுநேரம் சும்மா இருந்தார். "மரகதம் ஊட்டுல தனியா இருக்கா. அவளப் பாத்துக்குங்க. எனக்கு உங்க மேல ஆசை இல்லீங்க. இருந்தா நல்லாருக்கும்னு இருக்குது. அது மட்டுந்தான் இருக்குது." எங்கோ ஒரு பறவை ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்தியது. "ஆமென்."

போட்டுக் கேட்டுப் பார்க்காமல் அனுப்பினார். கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்.

ஆமென்கள் உடனே வந்தன. அவர் ஜெபித்த நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது, அதற்குள் குழுவே ஆமென் சொல்லி முடித்துவிட்டது. கை கூப்பிய பொம்மைகளும் வந்தன. பாஸ்டரிடமிருந்து தனியாக ஒரு செய்தி. 'டீச்சர், ஆடியோ சரியாக விழவில்லை போலிருக்கிறது. நடுவில் சத்தமே இல்லை. வழக்கம்போல் கணீரென்று ஒன்று திரும்பப் போட்டுவிடுங்கள், ஸ்தோத்திரம்.'

டீச்சர் பதில் போடவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. கீழேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி வெளுக்க ஆரம்பித்தபோது மரகதத்தின் செய்தி வந்தது.

'கேட்டேனுங்க டீச்சர். இன்னிக்குப் படகு வரலீங்க. அவரு இருந்திருந்தா ஏமாந்து போயிருப்பாரு.'