கொழுந்துத் தராசில் தொங்கிய மதுஷா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்றுதான். ஹல்துமுல்லைக்குக் கீழே பஸ் டயர் பஞ்சராகி நின்றபோது, ரோட்டோர மடுவத்தில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைதான்) ஒரு பெண்பிள்ளை தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. டயர் மாட்டியானதும் பஸ் புறப்பட்டுவிட்டது. மிச்சமெல்லாம் என் சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகம் தவழும் மலைகளின் மடியில், வானத்தைத் தொடத் துடித்த ஒரு..."

சீ, காலண்டர் படத்துக்குக் கீழே போடுகிற வரி. அடித்துவிட்டேன்.

2

அவளுக்கு மதுஷா என்று பெயர் வைத்தேன். வயது பதினேழு. பதுளையில், மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலைதான்) ஒன்றுக்குள் பலகைச் சுவர் எழுப்பி, அதில் கைப்பிடிகள் பூட்டி, பாறை ஏறப் பழக்குகிறாள் ஷிப்னா மிஸ். அந்தச் சுவரில் மதுஷா பல்லி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் போட்டி. தேறினால் நாட்டு அணியில் இடம். அவளுக்கு அது வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம், சோறுகூட.

ஏனென்று கேட்பீர்கள். அவள் குடியிருக்கிற லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) அவள் தோளைப் பார்த்து, "இந்த அகலத்துக்கு எவன்டி தாலி கட்டுவான்?" என்று கேலி. போனைத் திறந்தாலோ, வெளிநாட்டுப் பெண்கள் ஈர்க்குச்சியாய் ஏறுகிறார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கினால் மத்தளம் என்ன செய்யும்?

(ஷிப்னாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவள் அப்பழுக்கற்ற தங்கம். அப்படி ஒருவரும் இல்லையே என்று பட்டதால், போன வருஷம் மதுஷாவிடம் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் குறைஞ்சாப் பறப்பீங்க மகள்" என்று அவளைச் சொல்ல வைத்தேன். சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை.)

3

லயத்தில் ஏது தராசு? மதுஷா மடுவத்துக்குப் போனாள்.

"ஐயா, என்னையும் ஒருக்கா நிறுங்களேன்."

"தொங்கு, தொங்கு. ஆனா பேரு கிடையாது, நாள் சம்பளமும் கிடையாது!" என்றார் கணக்கப்பிள்ளை கஜேந்திரன். முள்ளைப் பார்த்து ஓர் எண்ணைக் கத்தினார்.

(அந்த எண்ணை எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப்பேர் உங்கள் எடையோடு ஒத்துப் பார்ப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?)

அந்த வாரமே ஷிப்னாவும் எல்லாரையும் நிறுத்தாள். ஏறுகிறவளும் கீழே கயிறு பிடிக்கிறவளும் ஏறக்குறைய ஒரே பாரமாக இருக்க வேண்டும், அதற்காக. அங்கே மதுஷாவுக்கு இரண்டு கிலோ கூடுதல். நாலு நாளில் இரண்டு கிலோவா! பச்சைத் தண்ணீர் குடித்தாலும் ஊதுகிறேனா!

மறுநாளிலிருந்து காலை ரொட்டி நாய்க்குப் போனது. பகலுக்கு வெறும் தேத்தண்ணி.

4

வியாழக்கிழமை, தூக்கத்தில்கூட ஏறிவிடுகிற சுவரில் கை நடுங்கி விழுந்தாள். கயிறு பிடித்திருந்ததால் அந்தரத்தில் தொங்கினாள். ஷிப்னா மெதுவாக இறக்கினாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க மகள்?"

"ரொட்டி, மிஸ்."

"பொய். நடுக்கம் கயித்தால என்ட கை வரைக்கும் வந்தது. சாப்பிடாம வந்தா கயிறு கட்ட விடமாட்டன். ஞாயிற்றுக்கிழமையும்தான்."

"நீங்கதானே குறைஞ்சாப் பறக்கலாம்னீங்க?"

ஷிப்னாவின் முகம் செத்துப்போனது. "நானா சொன்னேன்?" என்றாள். பிறகு, "சொல்லியிருப்பன். சொன்னது பிழை, மகள்" என்றாள்.

5

வீட்டில் விஷயம் உடைந்ததும், அம்மா இராக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி பைத்தியக்காரி! அந்தக் கணக்கப்பிள்ளை கழிச்சிட்டுல்ல சொல்லியிருப்பாரு!"*

மறுநாள் மடுவமே அதிர்ந்தது. "ஏங்கொழுந்துலயும் கழிக்கிறீக, ஏம்புள்ளையிலயுமா கழிப்பீக?" கஜேந்திரன் தலையைச் சொறிந்தார். "வாய்ப் பழக்கம் இராக்கம்மா. என்னையறியாமக் கழிச்சுப்புட்டேன்."

* சாக்குக்கும் ஈரத்துக்குமென்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ குறைத்துச் சொல்வது அந்த மடுவத்து வழக்கம். பிள்ளை என்ன சாக்கா, ஈரமா?

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். நானும் பேனாவை மூடிவிட்டேன். ஆனால் அன்று மாலை மதுஷா தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்:

"தெரியுதும்மா. கணக்குப் பெசகுதான். ஆனா வாய்க்குள்ள போகமாட்டேங்குது."

இராக்கம்மாவின் சிரிப்பு நின்றது. என் சிரிப்பும்தான்.

6

முடிவு ஒன்று: சாப்பிட்டாள், கொழும்பில் முதலாவதாக வந்தாள், லயமே பட்டாசு... (எனக்கே தித்திப்பு தாங்கவில்லை.)

முடிவு இரண்டு: சாப்பிடவில்லை, உச்சியில் மயங்கி... (கிழித்துப் போட்டேன். நான் என்ன எமனா? இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும்.)

ஆகவே சனிக்கிழமை மத்தியானம். சோறு, பருப்பு, நெத்திலிக் கருவாட்டுப் பொரியல். இராக்கம்மா, "நீ தின்னாத்தான் நானும்..." என்று ஆரம்பித்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி, என் தோளு அசிங்கமா இருக்கா?"

மதுஷா நிமிர்ந்து பார்த்தாள். மூட்டை மூட்டையாய்க் கொழுந்து சுமந்து அகன்ற தோள். "யாரு சொன்னது? நல்லாத்தானேம்மா இருக்கு."

"அதே தோளுதான்டி ஒனக்கும்."

மதுஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சோற்றில் கை வைத்தாள், பிசைந்தாள், ஒரு கவளம் உருட்டினாள்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். எழுதினால் நானே அவள் வாயில் திணித்ததாகும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவளை முதலாவதாக வரவைப்பீர்களோ கடைசியாக வரவைப்பீர்களோ, அது உங்கள் பாடு. இராக்கம்மா தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு எப்படிச் சோறு இறங்கும்?