ஜோடி வேலை

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. தேய்க்கும் உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் துணியை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து கைமாற்ற வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் மற்றவள் வெறுங்கையோடு நிற்பாள். துணி குவியும். மேற்பார்வைக்காரர் தொண்டையைச் செருமுவார். கழிவறையோ முற்றத்தைத் தாண்டி, கொதிகலன் அறைக்குப் பின்னால். அதனால் அந்த வேக்காட்டிலும் யாரும் தண்ணீரைத் தொடுவதில்லை. ஜோடிக்குக் காட்டும் மரியாதை அது.

பெரியவளும் சின்னவளும் கூடப்பிறந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே ஒரே ஜோடி. இடுப்பு பிடித்துக்கொண்டால் ஜன்னல் விளிம்பில் இருக்கும் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு வலி வில்லையை வாயில் போட்டு, எச்சிலோடு விழுங்கிவிட்டு அடுத்த விரிப்பைப் பிடிப்பார்கள். அதை மாத்திரை என்று அங்கே யாரும் சொன்னதில்லை. மிட்டாய். "மிட்டாய் போட்டாச்சா?" என்பதுதான் காலையில் ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கும் முறை.

சின்னவளுக்கு முதலில் வாந்தி வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. "மருந்து, மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, பெரியவள் கொஞ்சம் பெருமையோடுகூட, "இல்லவே இல்லைங்க. எங்க வீட்ல யாரும் நோய்னு படுத்ததில்ல" என்றாள்.

அப்புறம் வாரா வாரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம். சிறுநீரகம் கொடுக்கப் பெரியவளின் ரத்த வகை பொருந்தியது. சின்னவளின் புருஷனுக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. "அக்கா, உங்களை விட்டா யாருமில்லக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவள் தலையை ஆட்டினாள். வேறு எப்படி ஆட்டுவது?

ஆனால் அவளுக்குக் கொடுக்க மனமில்லை. யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. குளிக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். இத்தனை வருஷம் அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இப்போது ஒளித்துவைத்த நகை மாதிரி அதன் நினைப்பாகவே இருந்தது. தங்கைக்காகச் சாகச் சொன்னால் ஒருவேளை செத்துவிடலாம். அறுத்துக் கொடுத்துவிட்டு, பயந்து பயந்து மிச்ச நாளை வாழச் சொன்னால்? ஏதாவது ஒரு சோதனையில் தவறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

சோதனைகள் முடிந்து டாக்டரம்மா வரச் சொன்ன நாளில், வெளியே பெஞ்சில் காத்திருந்ததில் இடுப்பு கடுத்தது. பையிலிருந்த மிட்டாய் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

"என்ன முழுங்குனீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. மிட்டாய்."

"மிட்டாயை யாரும்மா அண்ணாந்து முழுங்குவாங்க? குடுங்க பாப்போம்."

அட்டையைத் திருப்பிப் படித்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"இது தினமும் உண்டா?"

"வேலைக்குப் போற அன்னிக்கு மட்டுந்தான்."

"வேலைக்குப் போகாத நாள் எது?"

பெரியவள் யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தங்கச்சியும் இதே மாதிரியா?"

"நாங்க ஜோடிங்க."

"அன்னிக்கே கேட்டேனேம்மா, மாத்திரை ஏதாவது உண்டான்னு!"

"மாத்திரைங்கறது நோய்க்குங்க. இது வேலைக்கு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று பெரியவள் நினைத்தாள். அவர் திட்டவில்லை. "சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயை இது சுருக்கிடும். ஒரு நாள், ரெண்டு நாள்னா தாங்கும். நீங்க வேர்வையா கொட்டிட்டு, தண்ணியும் குடிக்காம, வருஷக்கணக்கா இதைப் போட்டா அது காஞ்சு காஞ்சு சாகும். வலிக்காது. அதான் கொடுமை."

பிறகு முடிவுத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கும் பாதிக்கு மேல போயிடுச்சு. உங்ககிட்டருந்து எடுக்க முடியாது. இருக்கறதைக் காப்பாத்திக்கணும். இந்த எழவை இன்னியோட விட்டுடுங்க."

அப்பாடா என்றது மனசு. பயம் வருவதற்கு முன்னால், துக்கம் வருவதற்கு முன்னால், அதுதான் முதலில் வந்தது. ஒரு நொடிதான். அந்த நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

இயந்திர அறையில் சின்னவள் கையில் குழாய்களோடு படுத்திருந்தாள். அக்காவைக் கண்டதும், "வாக்கா, தானப் பிரபு. எப்ப அறுக்கறாங்களாம்?" என்றாள்.

பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றிவளைக்கத் தெரியவில்லை. "எனக்கும் போச்சுடி. பாதிதான் இருக்காம். மிட்டாயாலதானாம், உனக்கும் எனக்கும்."

சின்னவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "நெசமாவா, இல்ல டாக்டரை இப்படிச் சொல்லச் சொன்னியா?"

பெரியவள் தாளை நீட்டினாள். சின்னவள் வாங்கவில்லை.

"உனக்கு இஷ்டமில்லைன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கெல்லாம் நீ என் மூஞ்சியைப் பாக்க மாட்டே."

"ஆமா." பெரியவள் தாளை மடித்தாள். "இஷ்டமில்லதான். ஆனா இப்ப குடுக்கணும்போல இருக்குடி. சத்தியமா."

"இப்ப சொல்றதுக்கு என்ன கேடு?"

உண்மையாகவே கொடுக்கத் தோன்றுகிறதா, கொடுக்க வேண்டியதில்லை என்பதால் தோன்றுகிறதா? உள்ளே எவ்வளவு துழாவியும் பெரியவளுக்குப் பிடிபடவில்லை. இனி எந்தக் காலத்திலும் பிடிபடாது என்பது மட்டும் தெரிந்தது.

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சின்னவள் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று பெரியவள் எழப்போனபோது, குழாயில்லாத கையால் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"காலை மேல தூக்கி வை."

"எதுக்குடி?"

"வையேன். எனக்கு வாந்திக்கு முன்னாடியே கால்லதான் வீக்கம் தெரிஞ்சுது."

பெரியவள் செருப்பைக் கழற்றிக் காலைக் கட்டிலின்மேல் வைத்தாள். சின்னவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பள்ளம் அப்படியே நின்றது.