ஆள் இல்லாத அங்கி

எங்கள் சபைப் போதகர் ஞானசிங் ஐயர் திருப்பதிக்கு மாற்றலாகிப் போன மறு ஞாயிறு, அவர் மறந்து விட்டுப்போன வெள்ளை அங்கி ஆணியிலிருந்து தானே இறங்கிப் பலிபீடத்தின் முன்னால் போய் நின்றது. உள்ளே ஆள் இல்லை. பலமனேர் ரோட்டோரத்து எங்கள் லுத்தரன் சபையில் அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை; தக்காளி விலை விழுந்திருந்தது, பேச்செல்லாம் அதுதான். அடுத்த ஐயர் வருவார் என்று பார்த்தோம். எங்கே! பையன்கள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போன காலம், ஐயர்மாரும் போனார்கள். கடைசியில் பல ஊர்களுக்கு ஒரே ஐயர் என்றாகி, அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வமாயிற்று. மற்ற ஞாயிறுகளில் மூப்பர் தேவசகாயம் பலிபீடப் படிக்குக் கீழே நின்று ஜெபம் நடத்துவார். படி ஏற மாட்டார், கை தூக்கி ஆசீர்வாதம் சொல்ல மாட்டார், அப்பமும் திராட்சரசமுமான இராப்போஜனம் கொடுக்கவே மாட்டார். அதெல்லாம் ஐயர் வேலை. மேலே அங்கி சும்மா நிற்கும். அது ஐயரா, சபையாரா என்று கமிட்டியில் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. வாய் இல்லாதது எப்படி ஐயராகும் என்று பாதிப்பேர் கேட்டார்கள். டீ வந்ததும் விட்டுவிடுவார்கள்.

அங்கியைத் துவைத்துப் போட்டவள் தபீதாள். அவள் புருஷன் சாம் குவைத்தில் டிரைவர், கல்யாணமான வருஷமே போனவன். அவன் லீவில் வந்த போதெல்லாம் ஐயர் வரவில்லை. புருஷனோடு பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வேறொன்றும் கேட்டவள் இல்லை, பாவம். இரண்டாயிரமாவது வருஷம் அவன் வந்தபோது ஐயர் கட்டாயம் வருவதாகச் சொல்லியனுப்பினார். செவ்வாய்க்கிழமை அவன் திரும்பிப் போகப் பிளைட். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஐயரின் பைக் காணிப்பாக்கம் கிட்ட நின்றுபோனது.

தபீதாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "மூப்பரே, அப்பம் கீது, ரசம் கீது. வசனம் சின்னதுலர்ந்து கேட்டுக்கினுதானே கீறோம்?"

"அத்த ஐயர் சொல்லணும்மா."

"ஐயர் வந்திருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?" என்றவள், நின்ற இடத்திலேயே அந்த வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. மீதியைச் சபை சொன்னது, மூப்பரும் சொன்னார். அங்கி அப்பத்தை எடுத்துத் தூக்கியது. சாமும் தபீதாளும் பக்கத்தில் பக்கத்தில் வாங்கினார்கள்.

அதன் பிறகு மாதாமாதம் அப்படியே நடந்தது. சங்கதி தெரிந்து ஐயர் ஒரு ஞாயிறு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் அவரும் முழங்கால் போட்டார்.

சாம் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். தபீதாள் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டே முழங்கால் போடுவாள். அங்கி அந்த இடத்துக்கும் ஒரு அப்பம் நீட்டும், அப்பம் காணாமல் போகும். எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் வந்தது. "ஞாயித்துக்கெழம வண்டி ஓட்டிக்கினு இருக்கச்சொல்ல நாக்குல திராட்சரசம் ருசிக்குதுடி."

"நாக்கு மட்டும் வந்தா பத்துமா?" என்றாள் தபீதாள். "நீ எப்ப வருவ, அத்தச் சொல்லு."

அந்த ஞாயிறும் அங்கி அவளுக்கு ஒன்று, பக்கத்து இடத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனது.