கோப்பில் இல்லாத சொற்கள்

வெலிங்டனில் அந்த ராணுவ அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தைந்தில். அங்கே சிவிலியன் ஊழியனாக இருந்த ஏகநாதன் அதில் சி மொழி பழகி, அலுவலகத்தில் நடக்கும் ஊழியர் குடும்ப விழாவுக்கென்று ஒரு சொல் விளையாட்டு எழுதினான். திரையில் ஓர் எழுத்து வரும். அதில் தொடங்கும் தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும்.

சொல் சேர்க்க உதவியவள் அவன் மனைவி தெய்வம்மா. சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். சமைத்துக்கொண்டே சொல்லுவாள்: "காம்பரா போட்டீங்களா? லயத்து வரிசை வீட்டுல நாங்க இருந்த அறையை அப்படித்தான் சொல்லுவோம். பெரட்டும் போடுங்க. காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுறது." மறுநாள் ஆபீசில் மறக்காமல் அடித்து வைப்பான்.

விழாவுக்கு முந்தின நாள் புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது. தொடங்கும்போதே சொற்கோப்பு முழுவதையும் மெமரிக்குள் படித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். கோப்பு பெருத்துவிட்டதால் மெமரியில் இடமில்லை. ஒவ்வொரு வரியாக டிஸ்க்கிலிருந்தே படித்துத் தேட வைக்கலாம். ஆனால் விழாவுக்கு வந்து விளையாடப்போகும் கர்னல் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். கோப்பைக் குறைப்பதுதான் சுலபம். எதை எடுப்பதென்று அவன் அதிகம் யோசிக்கவில்லை. தெய்வம்மா சொன்னதையெல்லாம் அழித்தான். புரோகிராம் ஓடியது.

விழாவில் அவள் முறை வந்தபோது திரையில் K நின்றது. ஒற்றை விரலால் தேடித் தேடி, காம்பரா என்று அடித்தாள். அப்படி ஒரு சொல் இல்லை என்றது கம்ப்யூட்டர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"எழுத்து மாறிப்போச்சு போல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற ஏகநாதன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு ஏறிவரும் வழியில்தான் சொன்னான். "நீ சரியாத்தான் அடிச்ச, தெய்வா. இடம் பத்தலைன்னு நான்தான் எடுத்துட்டேன்."

"நான் சொன்னதை மட்டுமா?"

பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. "ஆமா. ஆரும் அடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் அடிப்பேனே" என்றாள்.

அடுத்த வாரம் கோப்பை வரிவரியாகப் படிக்கும்படி புரோகிராமைத் திருத்தினான். நினைவிருந்த சொற்களைத் திரும்பச் சேர்த்தான். பாதிக்குமேல் ஞாபகம் வரவில்லை.

"வேற என்னென்ன சொன்னே?" என்று அவளிடம் கேட்டான்.

"விழாதான் முடிஞ்சிருச்சே, இனி எதுக்குங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.