கண்ணின் வெள்ளை

…இல்லை, இது ஸ்கேனரின் கோளாறாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அப்பாவின் சட்டை எப்படி இந்த நீலத்தில் வந்து நிற்கும், சுவர் நீலம், ஜன்னல் திரை நீலம், அப்பா மடியில் துண்டில் சுற்றிக் கிடக்கிற கைக்குழந்தை, அதாவது அவளேதான், அதுவும் நீலம். அம்மா முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கலரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஸ்டுடியோவில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊரார் வீட்டுப் பழைய ஃபிலிமையெல்லாம் ஸ்கேன் செய்து, கெட்டுப்போன நிறத்தைச் சரிசெய்து கொடுக்கிற வேலை. எத்தனை மாப்பிள்ளைகளின் கன்னத்தில் ரத்தம் ஓட வைத்திருக்கிறாள்! சொந்த அம்மா என்று வந்ததும் கை இப்படிச் சொதப்புகிறதே…

அவசரப்பட்டுவிட்டாள், அதுதான். படத்தில் வெள்ளை எது என்று ஓரிடத்தில் தொட்டுக் காட்டினால் போதும், மற்ற நிறமெல்லாம் அதைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும். சட்டையைத் தொட்டிருக்க வேண்டும். அவளோ அம்மா முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அப்படியே கண்ணின் வெள்ளையைத் தொட்டுவிட்டாள். பார்க்காமல் எப்படி இருப்பது? நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்ட அம்மா. வீட்டில் மாட்டியிருந்த ஒரே படமும், இதே ஃபிலிமிலிருந்து போட்டதுதான், வெயில் பட்டுப் பட்டு நிறம் செத்து, செம்மை ஏறி, அதில் அம்மா சாயங்கால வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருப்பாள், கன்னமெல்லாம் சிவந்து, என்ன அழகு! அந்த அழகுதான் வினை. அவ்வளவு தெம்பாக இருக்கிறவள் ஏன் குழந்தையை அப்பா மடியில் விட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்? இருப்பதே ஒரு படம், அதில்கூடத் தூக்கிக்கொள்ளத் தோன்றவில்லையா? பள்ளிக்கூட நாளில், தோழியின் அம்மா தலைவாரிவிடுகிற நேரமாகப் பார்த்து அந்த வீட்டுக்குப் போவாள்… ஒருநாள் அந்த அம்மா, “வா, உனக்கும் பின்னி விடறேன்” என்றதும் ஓடி வந்துவிட்டாள். வந்து அன்று முழுக்க இந்தப் படத்தோடு பேசவில்லை. படத்தோடு கோபித்துக்கொள்கிற பைத்தியம் உண்டா உலகத்தில்? உண்டு, இதோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

போகட்டும். செய்ததை அழித்துவிட்டு, இந்தமுறை ஒழுங்காக அப்பாவின் சட்டையைத் தொட்டாள். நீலம் விலகியது. திரை பச்சையாம், இத்தனை வருஷமும் பழுப்பு என்றல்லவா நினைத்திருந்தாள், குழந்தையின் உள்ளங்கால் இளஞ்சிவப்பு, எல்லாம் அதனதன் நிறத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மா மட்டும் மஞ்சள். குழந்தையின் துண்டைத் தொட்டாள், அம்மா மஞ்சள். திரையின் வெள்ளைக் கரையைத் தொட்டாள்… கன்னம் மஞ்சள், விரல் மஞ்சள், கண்… அட, கண்ணில் வெள்ளையே இல்லையே. அப்படியானால் முதலில் தொட்டது? மஞ்சளைத்தான் வெள்ளை என்று காட்டியிருக்கிறாள், அதனால்தான் மற்றதெல்லாம் நீலம். பாவம், ஸ்கேனருக்கு ஒன்றுமில்லை.

இந்த ஃபிலிமைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, புது வீட்டுக் கூடத்தில் மாட்டப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னவர் அண்ணன்தான். அம்மா போனபோது விவரம் தெரிந்த வயசு அவருக்கு. போன் செய்தாள்.

“அண்ணா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? திடீர்னு போயிட்டாங்கன்னுதானே சொன்னீங்க?”

“ஏன், இப்பப் போய் இதெல்லாம்…”

“கலர் சரி பண்ணிட்டேண்ணா.”

அண்ணன் மெதுவாக, “காமாலை. நீ வயித்துல இருக்கறப்பவே ஆரம்பிச்சிருச்சு. உன்னாலதான்னு நீ நினைச்சுக்கக் கூடாதுன்னு அப்பா கடைசி வரைக்கும் வாயே திறக்கலை. குழந்தைக்கு ஒட்டிக்கும்னு பயந்து உன்னைக் கிட்டயே விடலை. படம் எடுக்கறப்பக்கூட, ஒரே ஒரு தடவை குடுங்களேன்னு கேட்டாங்க…” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணன் அழுது அவள் பார்த்ததில்லை. “கண்ணை மட்டும் வெள்ளையாக்கிடு பாப்பா. முகத்துலயும் கொஞ்சம் சிவப்பு சேர்த்துடு. பழைய படத்துல எவ்வளவு அழகா இருப்பாங்க!”

முடியும், அதற்கென்ன, இரண்டு தொடுகையில் ஆகிற வேலை, அந்தச் சிவந்த அம்மாவைத்தான் யாரும் கேட்பார்கள், காலை வரை அவளும் அதைத்தானே கேட்டிருப்பாள்… சுட்டியை அம்மாவின் கண்மேல் கொண்டுபோனவள், ஏனோ கீழே இறக்கி மடியைப் பெரிதாக்கினாள். சிவப்பில் ஒரே திட்டாகக் கிடந்த கைகள் இப்போது விரல் விரலாகத் தெரிந்தன. கோத்துக்கொண்டா இருக்கிறாள்? இல்லையே. ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, விரல் பதிந்த இடம் குழிந்திருக்கிறது. கண்ணை வெள்ளையாக்கிவிட்டால் இந்தக் கைகள் மறுபடி விருந்தாளியின் கைகளாகிவிடுமே…

“பாப்பா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேண்ணா” என்றாள். என்னைத்தானே கேட்டாள், என்னைத்தானே, என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.