நாலாவது இதழ்

"ஐயோ, கழட்டாதீங்கண்ணா!"

அவளுடைய அண்ணன் அந்தப் போனின் முதுகு மூடியைத் திறந்து பேட்டரியின் ஓரத்தில் நகத்தை வைத்துவிட்டிருந்தார். அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே அவள் கணவர் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்.

"காலையிலேர்ந்து கீங் கீங்னு கத்துது பாப்பா. அதான்..."

"சார்ஜ் இல்லைன்னு கத்துது. கத்தட்டும்."

"அப்ப சார்ஜ் போடேன்."

போட முடிந்தால் போட்டிருக்க மாட்டாளா? ஒயர் சொருகும் துளை எப்போதோ உடைந்துவிட்டது. கணவர்தான் தினமும் வேலையைச் சேமித்து, போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் ஏற்றுவார். நேற்றுச் சாயங்காலம் சேமிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, போன் மடியில் இருக்க, தலை சாய்ந்துவிட்டது.

கடைப் போனில் கூடவே வரும் சிஸ்டம் அவருக்கு ஆகாது. "உள்ள என்ன ஓடுதுன்னு தெரியணும், பிடிக்கலைன்னா மாத்தணும்" என்பார். யாரும் பிரித்து மேயலாம் என்று விற்கிற போன் ஒன்றை வாங்கி, அதிலிருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, நிரல் எழுதும் சூழல் ஒன்றை ஏற்றியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் திருத்தலாமாம். அழைத்துப் பேசத்தான் வராது. "பேசத்தான் நீ இருக்கியே" என்பார். பாவி மனுஷன்!

பேட்டரி தீர்ந்தால் நேற்று செய்ததெல்லாம் போய்விடும். அவர் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் தப்பாக எதையாவது தொட்டு அழித்துவிடுவோமோ என்று பயந்து, விடிந்ததிலிருந்து போனைத் தொடாமலே விட்டிருந்தாள்.

ஆந்தை மூச்சிரைக்க வந்தான். அவருடைய கூட்டாளி. தூங்கவே மாட்டான் என்பதால் அவர் வைத்த பெயர். கூடத்தில் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றவன், போனோடு சமையலறைக்குப் போயிருந்த அவளிடம் வந்தான்.

"குடுங்கக்கா."

விறுவிறுவென்று இரண்டு மூன்று இடத்தில் தட்டினான். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"சேமிச்சாச்சு. இனி பேட்டரியைக் கழட்டினாலும் பயமில்ல. எப்பத் திறந்தாலும் அவர் விட்ட இடத்துலேயே நிக்கும்."

அவள் அவன் பக்கத்தில் நெருங்கி நின்றாள்.

"என்னதான் செஞ்சிட்டிருந்தார்?"

அவன் திரையைக் காட்டினான். நிரல் சொல்கிறபடி நகரும் குட்டி ஆமை ஒன்று கோடு இழுத்து ஒரு பூ வரைந்திருந்தது. மூன்று இதழ்கள் முடிந்து, நாலாவது பாதியில் நின்றது. அவள் தலையணை உறைகளில் தைக்கிற பூ. அந்த நுனி மடிப்பை அவளைத் தவிர வேறு யாரும் தைப்பதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி. கேட்டிருந்தா எப்படி வளைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்திருப்பேனே..." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்து வந்து கேட்க மாட்டாரா என்றிருந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்த வரியில ஒரு சின்னத் தப்புக்கா. அதான் நின்னுடுச்சு. இப்பவே திருத்திடவா? பூ முழுசா வந்துடும்."

"வேணாம். அவர் எழுதினது. தொடாத."

"சரிக்கா."

"திரை ஓரத்துல 'மறுபடி'ன்னு ஒரு பொத்தான் இருக்கே, எதுக்கு?"

"அழுத்தினா அந்த இதழை முதல்லேர்ந்து போடும். ஆனா திருத்தாம அழுத்தினா திரும்பவும் இங்கயேதான் வந்து நிக்கும்."

அவள் அழுத்தினாள். பாதிக்கோடு அழிந்தது. ஆமை மூன்றாவது இதழின் அடியிலிருந்து புறப்பட்டு, வளைந்து ஏறி, அதே இடத்தில் நின்றது.

"பாப்பா, வண்டி வந்துடுச்சும்மா," வாசலிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"இதோ வரேண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அழுத்தினாள்.