மூன்றாம் ஓலை

1

இந்தக் கதை ஒரு குடையால் வந்தது. 1983இல் காரைக்கால் மாதா கோயில் வாசலில், வெயில் தாழ்ந்த பிறகும் குடையை மடக்காத ஒரு பெண்ணைப் பார்த்தேன். மூக்கின் இருபுறமும் கன்னங்கள் கருஞ்சிவப்பாகத் தடித்திருந்தன. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவளுக்குக் கொலெத் என்று பெயர் வைத்தேன். அப்பா ஆத்ரியேன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அம்மா ஜோசெஃபின், அவருடைய சொந்த மாமன் மகள். தங்கை மரி-ரோஸ்.

'கொலெத் மெழுகுவத்தியாய் உருகி…'

(அடித்துவிட்டேன். அவளுக்கு வந்திருப்பது லூபஸ், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய். அது வந்தவர்கள் உருகுவதில்லை. கால் வீங்கி, மூட்டு வலித்து, சிறுநீரகம் கெட்டு, குழம்பில் உப்பில்லை என்று எரிந்து விழுவார்கள்.)

3

புதுச்சேரி டாக்டரை ஒரு பக்கம் பேசவிட்டிருந்தேன். பாடம் நடத்தினார், வெட்டினேன். மிஞ்சியது இது:

"தங்கச்சிக்கும் வரும்னு சொல்ல முடியாதும்மா. ஒரே அச்சா பொறந்த ரெட்டைப் பிள்ளைங்கள்லயே ஒண்ணுக்கு வந்து இன்னொண்ணுக்கு வராமப் போவுது. ஆனா சொந்தத்துலயே திரும்பத் திரும்பக் கட்டினா, ரெண்டு பக்கத்துக் கொறையும் ஒரே பிள்ளை மேல எறங்கலாம்."

"வெயில்ல போவக் கூடாதுன்னீங்களே?" என்றார் ஜோசெஃபின்.

"ஆமா. வெயில் பட்டா அதிகமாவும்."

ஜோசெஃபின் வீட்டுக்கு எடுத்துப்போனது வெயிலை மட்டும்தான். கொலெத் மீதியையும் கேட்டிருந்தாள்.

4

"எங்கண்ணன் மவன் லெயோன் பிரான்ஸ்ல இருக்கான். அங்க வெயில் ஏது? அவனைக் கட்டிக்கிட்டுப் போனா சின்னவளாவது பொழச்சிக்குவா."

இதை எழுதும்போது ஜோசெஃபின் மேல் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு இந்த நோயைத் தேடிக் கொடுக்கப் பார்க்கிறார்.*

"வேண்டாம்டி. வெளிய யாரையாவது கட்டிக்க. என் மூஞ்சியப் பாரு" என்றாள் கொலெத்.

"அதைத்தானேக்கா தெனம் பாக்குறேன்? எனக்கு இங்க இருக்கவே பயமா இருக்கு."

* கட்டாயம் வரும் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்புக் கூடும் என்றுதான்…

5

முதல் முடிவு: மரி-ரோஸுக்குப் பிரான்ஸில் ஒரு பெண் குழந்தை. ஆறு வயதில் அதே கன்னங்கள்… வேண்டாம்.

இரண்டாவது: பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். இதுவும் நடக்கக்கூடியதுதான். அப்படி நடந்தால் அடுத்த தலைமுறையும் சொந்தத்திலேயே பெண் எடுக்கும். இதையும் என்னால் எழுத முடியவில்லை.

6

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பது வழக்கம். இரத்த உறவில் கட்டுவதற்கு ஆயரின் அனுமதி வந்தாயிற்று. இன்று மரி-ரோஸுக்கும் லெயோனுக்கும் மூன்றாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறார் சாமியார்.

கடைசி வரிசையில் கொலெத் குடையை ஊன்றி எழப் பார்க்கிறாள். முட்டி நிமிரவில்லை. வாயெல்லாம் புண், குரலும் எழவில்லை. முன்வரிசையில் ஜோசெஃபின் மண்டியிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். மரி-ரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் இன்னும் ஓலையை மடிக்கவில்லை. டாக்டர் சொன்னது கொலெத்துக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.